வாசனை மெழுகுவர்த்தி மனதை லேசாக்குமா? புதுச்சேரி வீதிகள் சொல்லும் பதில்!

வார இறுதியைக் கழிக்கப் புதுச்சேரிக்கு வருபவர்கள் ஊர் திரும்பும்போது பையைத் திறந்து பார்த்தால், சில பொருள்கள் தவறாமல் இருக்கும். கையால் செய்த காகித நோட்டு, ஒரு கட்டு ஊதுபத்தி, மண் குவளை. கூடவே, கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றிய ஒரு வாசனை மெழுகுவர்த்தி.

கரன்ட் போனால் ஏற்றலாம் என்று சமையலறை டிராயரில் கிடந்த மெழுகுவர்த்தி, இன்றைக்குப் படுக்கையறை மேஜைக்கு வந்துவிட்டது. லாவெண்டர் என்றால் நல்ல தூக்கம், எலுமிச்சைப்புல் என்றால் உற்சாகம், சந்தனம் என்றால் மன அமைதி என்று லேபிளிலேயே பலன் அச்சிட்டு வருகிறது. இரவில் தூக்கம் வராதவர்கள், பரீட்சை பயத்தில் இருக்கும் பிள்ளைகளின் அம்மாக்கள், வேலை நெருக்கடியில் சிக்கியவர்கள், ஓர் இழப்பிலிருந்து இன்னும் மீளாதவர்கள் என்று பலரும் நம்பி வாங்குகிறார்கள். அந்த நம்பிக்கைக்கு அடிப்படை உண்டா? வாசனைக்கும் மனதுக்கும் நடுவே என்னதான் நடக்கிறது?

இதைத் தெரிந்துகொள்ளப் புதுச்சேரியைவிடப் பொருத்தமான ஊர் அமையாது. மெழுகுவர்த்திக் கடைகள் வருவதற்கு வெகு காலம் முன்பிருந்தே, வாசனையைக் கொண்டு மனதை அமைதிப்படுத்தப் பழகிய ஊர் இது.

பூக்கடை முதல் பிள்ளையார் வரை

காலையில் முதலில் போக வேண்டிய இடம் நேரு வீதியை ஒட்டியிருக்கும் குபேர் மார்க்கெட். உள்ளூர்க்காரர்களுக்கு இது பெரிய மார்க்கெட். காய்கறி, மீன், மசாலா, பழம் என ஒவ்வொரு சந்துக்கும் ஒரு வாசனை. கண்ணை மூடிக்கொண்டு நடந்தாலும் எந்தப் பகுதிக்கு வந்திருக்கிறோம் என்று மூக்கு சொல்லிவிடும். மீன் பகுதியில் விறுவிறுவென நடக்கும் கால்கள், பூக்கடைகளின் பக்கம் வந்ததும் தானாக வேகம் குறைகின்றன. மல்லிகை, சம்பங்கி, மரிக்கொழுந்து, துளசி. யாரும் சொல்லாமலே மூச்சை ஒருமுறை ஆழமாக இழுத்து விடுகிறோம். வாசனை மனதைத் தொடுவதற்கு முன் மூச்சைத் தொடுகிறது என்பதற்கு இந்தப் பூக்கடைகளே சாட்சி.

அங்கிருந்து கடற்கரைப் பக்கம் நடந்தால் மணக்குள விநாயகர் கோயில். பெயரிலுள்ள 'மண' என்பது வாசனையைக் குறிப்பதல்ல, மணல் நிறைந்த குளக்கரையில் இருந்ததால் வந்த பெயர் என்பார்கள். ஆனாலும் கற்பூரமும் அருகம்புல்லும் உடைத்த தேங்காயும் கலந்த அந்த வாசம், கோயிலுக்குள் நுழையும் முன்பே கையைக் கூப்ப வைத்துவிடும்.

சில நிமிட நடையில் அரவிந்தர் ஆசிரமம். 1910-ல் புதுச்சேரிக்கு வந்த ஸ்ரீ அரவிந்தர், 1950-ல் மறையும்வரை இந்த ஊரைவிட்டுப் போகவில்லை. அவருடைய சமாதியிலேயே, 1973-ல் மறைந்த ஸ்ரீ அன்னையின் உடலும் வைக்கப்பட்டது. மரத்தடியில் இருக்கும் அந்தச் சமாதியை தினமும் பூக்களால் அலங்கரிக்கிறார்கள். ஊதுபத்திப் புகை மெல்ல எழுகிறது. பேச்சு இல்லை, செல்போன் இல்லை. வெளியே ஆட்டோ சத்தத்தோடு வந்தவர்கள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிடுகிறார்கள்.

இங்கே ஒரு சுவாரஸ்யமான தகவல். ஸ்ரீ அன்னை, நூற்றுக்கணக்கான பூக்களுக்கு ஒவ்வொரு குணத்தின் பெயரைச் சூட்டினார். மல்லிகைக்குத் தூய்மை, துளசிக்குப் பக்தி, நிலசம்பங்கிக்குப் புதிய படைப்பு. ஆசிரமத்துக்கு வந்து பழகியவர்கள் ஒரு பூவைப் பார்க்கும்போதே அந்தக் குணத்தையும் நினைத்துக்கொள்கிறார்கள். வாசனையோடு ஓர் உணர்வை முடிச்சுப் போட்டு வைக்கும் இந்தப் பழக்கத்தை மறந்துவிட வேண்டாம். மெழுகுவர்த்தியின் சூட்சுமமும் இதில்தான் இருக்கிறது.

வாசனையே இல்லாத மெழுகுவர்த்தி

ரயில் நிலையத்துக்கு அருகே இருக்கும் இருதய ஆண்டவர் பசிலிக்கா, 1907-ல் கட்டி முடிக்கப்பட்ட தேவாலயம். வண்ணக் கண்ணாடி ஜன்னல்களைப் பார்க்கவே பலர் வருவார்கள். அதைவிட அதிகமானோர் வேண்டுதலோடு மெழுகுவர்த்தி ஏற்ற வருவார்கள். மதம் பார்க்காமல் வருபவர்களும் உண்டு.

இங்கே ஏற்றப்படுவது சாதாரண வெள்ளை மெழுகுவர்த்தி. அதில் எந்த வாசனை எண்ணெயும் கலக்கவில்லை. ஆனாலும் உருகும் மெழுகு, அணைந்த திரியின் புகை, பக்கத்தில் சாத்திய பூமாலை எல்லாம் சேர்ந்து ஒரு வாசம் வரும். சிறுவயதில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஆலயத்துக்குப் போனவர்களுக்கு, எந்த ஊரில் எந்த வயதில் அந்த வாசம் வந்தாலும் மனம் ஒருகணம் அடங்கிப்போகும். விலை சில ரூபாய்தான். லேபிளில் 'மன அமைதி' என்று அச்சிடப்படவும் இல்லை.

ஐரோப்பாவில் ஒரு காலத்தில் வீடுகளில் ஏற்றிய மெழுகுவர்த்திகள் பல, ஆடு மாடுகளின் கொழுப்பில் செய்தவை. எரியும்போது நாற்றமடிக்கும், புகையும் அதிகம். தேவாலயங்களோ விலை கூடினாலும் தேன்மெழுகையே பயன்படுத்தின. அதில் இயல்பாகவே இதமான வாசம் இருக்கும். வீட்டில் ஒரு வாசனை, வழிபாட்டில் வேறொரு வாசனை. அந்த வித்தியாசமே, இது வேறு நேரம், வேறு இடம் என்று மனதுக்குச் சொல்லியது.

மூக்கிலிருந்து மூளைக்கு ஒரு குறுக்கு வழி

பார்ப்பதும் கேட்பதும் மூளையின் நடுவே இருக்கும் தலாமஸ் என்ற பகுதி வழியாகத்தான் மற்ற இடங்களுக்குப் போகின்றன. தபால் பிரிக்கும் அலுவலகம் மாதிரி அது. வாசனை மட்டும் அந்த அலுவலகத்துக்குப் போகாமலே நேராக உள்ளே நுழைந்துவிடும். மூக்கின் மேற்புறத்தில் இருக்கும் நரம்பு செல்கள் வாசனை மூலக்கூறுகளை உணர்ந்து, முகர்வுக் குமிழ் என்ற பகுதிக்குச் செய்தி அனுப்புகின்றன. அங்கிருந்து பயம், பாசம் போன்ற உணர்ச்சிகளோடு தொடர்புடைய அமிக்டலாவுக்கும், நினைவுகளைப் பதிய வைக்கும் ஹிப்போகாம்பஸுக்கும் செய்தி போய்ச் சேர மிகக் குறைந்த தூரம்தான்.

மனித மூக்கில் சுமார் 400 வகை வாசனை உணர்விகள் வேலை செய்கின்றன. இந்த உணர்விகளையும் முகர்வு மண்டலம் இயங்கும் விதத்தையும் கண்டுபிடித்ததற்காகவே ரிச்சர்ட் ஆக்செல், லிண்டா பக் ஆகியோருக்கு 2004-ல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது.

அதனால்தான் பழைய பெட்டியைத் திறந்ததும் வரும் அந்துருண்டை வாசம், பாட்டியின் முகத்தை முன்னால் கொண்டுவந்து நிறுத்துகிறது. பெயர் ஞாபகத்துக்கு வரும் முன்பே உணர்ச்சி வந்துவிடுகிறது.

ஒரே தைலம், இரண்டு உணர்வுகள்

அப்படியென்றால், லாவெண்டர் எல்லோருக்கும் அமைதி தருமா? இங்கேதான் கொஞ்சம் நிதானிக்க வேண்டும்.

நீலகிரியில் கிடைக்கும் விண்டர்கிரீன் தைலத்தை எடுத்துக்கொள்வோம். தசைவலிக்குத் தேய்க்கும் மருந்துகளில் வரும் அதே காரமான வாசம். 1960-களில் பிரிட்டனில் நடந்த ஆய்வில், பலருக்கும் பிடிக்காத வாசனைகளின் வரிசையில் இது இருந்தது. 1970-களில் அமெரிக்காவில் நடந்த ஆய்விலோ, பலருக்கும் பிடித்த வாசனையாக இருந்தது. காரணம் எளிது. பிரிட்டனில் அது வலிக்கும் காயத்துக்கும் பூசும் மருந்தின் வாசம். அமெரிக்காவில் அது மிட்டாயின் வாசம். தைலம் ஒன்றுதான், அதோடு சேர்ந்து பதிந்த அனுபவம் வேறு.

நம் வீட்டிலேயே இதற்கு உதாரணம் உண்டு. மல்லிகை வாசம் ஒருவருக்குக் கல்யாண வீடு. இன்னொருவருக்கு, அம்மாவைக் கடைசியாகப் பார்த்த நாளில் கூடத்தில் நிறைந்திருந்த மாலைகள். முதலாமவர் மல்லிகை மெழுகுவர்த்தியை ஏற்றினால் மனம் மலரும். இரண்டாமவருக்கு நெஞ்சு கனக்கும். லேபிளில் இருவருக்கும் ஒரே பலன்தான் எழுதியிருக்கும்.

வாசனைக்கே சொந்தமாக எந்தச் சக்தியும் இல்லையா என்றால், அப்படியும் சொல்லிவிட முடியாது. லாவெண்டரில் லினலூல் என்றொரு பொருள் இருக்கிறது. ஜப்பானின் ககோஷிமா பல்கலைக்கழக விஞ்ஞானிகள் 2018-ல் வெளியிட்ட ஆய்வில், லினலூல் வாசனையை முகர்ந்த எலிகளுக்குப் பதற்றம் குறைந்தது. முகரும் திறன் இழந்த எலிகளுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. மூக்கு வழியாகவே அது வேலை செய்கிறது என்பதற்கு இது நல்ல சான்று. ஆனால், அது கூண்டுக்குள் எலிக்குக் கிடைத்த பலன். மின்விசிறி சுற்றும் பெரிய அறையில், மெழுகிலிருந்து ஆவியாகும் சிறிதளவு வாசனை மனிதருக்கு அதே அளவு உதவும் என்று இதிலிருந்து முடிவு கட்டிவிட முடியாது.

இன்னொரு செய்தி இல்லத்தரசிகளுக்குப் பிடிக்கும். இதே லினலூல்தான் நம் கொத்தமல்லி விதையிலிருந்து எடுக்கும் எண்ணெயிலும் பெரும்பகுதி. லாவெண்டர் தோட்டத்தைப் பார்த்தே இராத நம் அஞ்சறைப் பெட்டிக்கு, லாவெண்டரோடு இப்படி ஒரு உறவு!

ஆரோவில் காட்டும் இரண்டு வழிகள்

புதுச்சேரியிலிருந்து வடக்கே 10 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தூரத்தில் ஆரோவில். 1968-ல் இந்த நகரம் தொடங்கப்பட்டபோது, இது மரங்கள் இல்லாத செம்மண் பொட்டல். இன்று சாலையின் இருபுறமும் காடு. மழை பெய்து ஓய்ந்த மாலையில் இங்கே வந்தால், உலகின் எந்த மெழுகுவர்த்தியும் தர முடியாத மண்வாசனை கிடைக்கும்.

ஊதுபத்தியும் வாசனை மெழுகுவர்த்தியும் ஆரோவிலின் அடையாளப் பொருள்கள். இங்குள்ள மரோமா நிறுவனம் 1976-லிருந்து வாசனைப் பொருள்கள் செய்துவருகிறது. பார்வையாளர் மையத்தில் இருக்கும் கடைகளில் வெட்டிவேர், எலுமிச்சைப்புல், சந்தனம், மல்லிகை என்று வரிசையாக அடுக்கி வைத்திருக்கிறார்கள்.

மெழுகுவர்த்தி வாசனை தரும் விதமும் தெரிந்துகொள்ள வேண்டியது. வாசனை வருவது சுடரிலிருந்து என்று நினைக்கிறோம். உண்மையில் பெரும்பகுதி, திரியைச் சுற்றி உருகி நிற்கும் மெழுகுக் குளத்திலிருந்தே ஆவியாகி வருகிறது. பெட்ரோலியத்திலிருந்து கிடைக்கும் பாரஃபின், சோயா எண்ணெய் மெழுகு, தேன்மெழுகு என்று மெழுகில் பல வகை. பொதுவாக மெழுகின் எடையில் 6 முதல் 10 சதவிகிதம் வரை வாசனை எண்ணெய் சேர்ப்பார்கள்.

அதே பார்வையாளர் மையத்திலிருந்து சுமார் ஒரு கிலோமீட்டர் நிழல் பாதையில் நடந்தால், தங்கநிற உருண்டையாக மாத்ரிமந்திர் தெரியும். முன்பதிவு செய்தவர்கள் அதன் உள்ளறையில் உட்கார்ந்து மனதை ஒருமுகப்படுத்தலாம். வெள்ளை அறை. நடுவே ஒரு ஸ்படிகக் கோளம். மேலிருந்து அதன்மீது விழும் ஒளிக்கீற்று. அங்கே பூ இல்லை, ஊதுபத்தி இல்லை, இசை இல்லை. அவையெல்லாம் வேண்டாம் என்பது ஸ்ரீ அன்னையின் விருப்பம்.

பூக்களுக்குக் குணங்களின் பெயரைச் சூட்டிய அதே அன்னை, இந்த அறைக்கு வாசனையே வேண்டாம் என்றார். ஒரு கிலோமீட்டர் இடைவெளியில் மெழுகுவர்த்திக் கடைகளும் வாசனையற்ற தியான அறையும் இருப்பது சொல்லும் சேதி ஒன்றுதான். வாசனை அமைதிக்கு ஒரு வாசல். அதுவே அமைதி ஆகிவிடாது. வாசலைத் தாண்டி உள்ளே உட்கார வேண்டியது நாம்தான்.

வாசனை தொலைந்தபோது...

வாசனையின் அருமை பலருக்கும் புரிந்தது கொரோனா காலத்தில்தான். காபி மணக்கவில்லை, ரசம் மணக்கவில்லை, பெற்ற குழந்தையின் தலையை முகர்ந்தாலும் ஒன்றும் தெரியவில்லை என்று தவித்தவர்கள் ஏராளம். காய்ச்சல் போன பிறகும் மாதக்கணக்கில் வாசனை திரும்பாதவர்கள், சாப்பாட்டில் பிடிப்பு விட்டுப்போய் மனச்சோர்வுக்கும் ஆளானார்கள்.

அவர்களுக்கு மருத்துவர்கள் பரிந்துரைத்த முகர்வுப் பயிற்சி, ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் தாமஸ் ஹும்மல் குழுவினர் 2009-ல் வெளியிட்ட ஆய்விலிருந்து பிரபலமானது. ரோஜா, யூகலிப்டஸ், எலுமிச்சை, கிராம்பு என்ற நான்கு வாசனைகளைத் தினமும் காலையும் மாலையும் கவனமாக முகர வேண்டும். 12 வாரங்கள் செய்தவர்களில் ஒரு பகுதியினருக்கு முகரும் திறனில் முன்னேற்றம் தெரிந்தது. இந்தப் பயிற்சியின் அடிப்படை, கவனமும் தொடர் பழக்கமும்.

மெழுகுவர்த்திக்கும் இது பொருந்தும். மனதுக்குப் பிடித்த ஒரே வாசனையை, தினமும் ஒரே அமைதியான நேரத்தோடு சேர்த்துப் பழக்கினால், நாளடைவில் அந்த வாசம் வந்ததுமே மனம் ஓய்வுக்குத் தயாராகும். டிவி பார்த்துக்கொண்டு, செல்போனை நோண்டிக்கொண்டு, வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு ஏற்றினால், மூளை அந்த வாசனையோடு எதைச் சேர்த்து வைக்கும்?

வாங்கும்போதும் ஏற்றும்போதும்...

* லேபிளில் இருக்கும் பலனை நம்பி வாங்காதீர்கள். முகர்ந்து பாருங்கள். எந்த வாசனை நல்ல நினைவைக் கொண்டுவருகிறதோ அதுவே உங்களுக்கானது. வீட்டில் உள்ளவர்களுக்கும் பிடிக்க வேண்டும்.

* மூன்று நான்கு வாசனைகளை முகர்ந்ததும் மூக்கு சோர்ந்துவிடும். கடைக்கு வெளியே வந்து சற்று நேரம் நின்றுவிட்டுத் திரும்பப் போங்கள்.

* முதல்முறை ஏற்றும்போது, மேற்பரப்பு முழுவதும் கிண்ணத்தின் விளிம்புவரை உருகும்வரை எரிய விடுங்கள். இல்லையென்றால் நடுவில் மட்டும் குழி விழுந்து, ஓரத்து மெழுகு வீணாகும்.

* ஒவ்வொரு முறையும் திரியைச் சுமார் 5 மில்லிமீட்டர் உயரத்துக்கு நறுக்கிவிட்டு ஏற்றினால் கரி குறையும். தொடர்ந்து 4 மணி நேரத்துக்கு மேல் எரிய விட வேண்டாம்.

* மின்விசிறிக்கு நேர் கீழே வைக்காதீர்கள். சுடர் ஆடினால் புகை கூடும். திரைச்சீலை, குழந்தைகள், செல்லப் பிராணிகளிடமிருந்து தள்ளி வையுங்கள். தூங்கப்போகும் முன் அணைத்துவிடுவது கட்டாயம்.

* எந்த மெழுகு எரிந்தாலும் சிறிதளவு கரித்துகளும் வாயுக்களும் வரும். ஜன்னல் ஒன்று திறந்திருக்கட்டும். ஆஸ்துமா, ஒற்றைத் தலைவலி உள்ளவர்கள், கைக்குழந்தைகள் இருக்கும் அறையில் ஏற்றாமல் இருப்பதே நல்லது. இயற்கை எண்ணெய் என்றாலும் சிலருக்கு ஒவ்வாமை வரலாம்.

* புதுச்சேரியில் வாங்கிய மெழுகுவர்த்தியை வெயிலில் நிறுத்திய காரில் விட்டுவிட்டு ஊர் சுற்றப் போகாதீர்கள். சோயா மெழுகு 50 டிகிரி செல்சியஸை ஒட்டியே உருகிவிடும்.

மருந்தல்ல, துணை

ஒரு முக்கியமான எச்சரிக்கை. நாளெல்லாம் அலைந்து களைத்த மனதுக்கு வாசனை இதம் தரும். ஆனால், இரண்டு வாரங்களுக்கு மேல் தொடரும் சோகம், எதிலும் ஆர்வமின்மை, காரணமில்லாத பயம், தூக்கமே வராத இரவுகள், வாழப் பிடிக்கவில்லை என்ற எண்ணம் ஆகியவற்றை மெழுகுவர்த்தியால் சரிசெய்ய முடியாது. இவை சிகிச்சையால் குணமாகக்கூடியவை. மனநல மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போட வேண்டாம். மத்திய அரசின் 'டெலி மானஸ்' சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம். வீட்டில் ஒருவர் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு நாள்தோறும் மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருந்தால், என்ன வாசனை என்று கேட்பதோடு நிறுத்தாமல், மனசு எப்படி இருக்கிறது என்றும் கேளுங்கள்.

சென்னையிலிருந்து புதுச்சேரிக்குச் சுமார் 150 கிலோமீட்டர். பேருந்திலேயே போய் வந்துவிடலாம். மாலை 6 மணிக்கு மேல் கடற்கரைச் சாலையில் வாகனங்களுக்கு அனுமதி இல்லை. அந்த நேரத்தில் அங்கே நடந்தால் உப்புக்காற்று, சுண்டல், பூக்காரியின் கூடை என்று எல்லாம் கலந்து வரும். குடும்பத்தோடு பேசிச் சிரித்துக்கொண்டு அந்த வாசத்தை மூச்சில் வாங்கிக்கொள்ளுங்கள். காசு கொடுத்து வாங்கும் மெழுகுவர்த்தி சில வாரங்களில் தீர்ந்துவிடும். இப்படிச் சேர்த்துவைக்கும் வாசனைக்கு எத்தனையோ வருட ஆயுள்!